மார்ஷல் ஆம்ப் தெரியும், நரசிங்கம்பேட்டை தெரியுமா? டி.என்.ராஜரத்தினம் பிள்ளை நாதஸ்வரத்தை ‘அப்கிரேட்’ செய்த கதை

கிட்டார் வாசிக்கிற நண்பர் உங்களுக்கு இருந்தால், பழைய வால்வ் ஆம்ப்ளிஃபையர் பற்றி ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். அன்றைய பொழுது அதிலேயே போய்விடும். எந்த வால்வ், எந்த ஸ்பீக்கர், எதை மாற்றினால் சத்தம் எப்படி மாறும் என்று பேசிக்கொண்டே இருப்பார்.

அவர் கண்டிப்பாகச் சொல்லும் கதை ஒன்று உண்டு. 1960-களின் தொடக்கத்தில் லண்டனின் ஹான்வெல் பகுதியில் டிரம்ஸ் கடை வைத்திருந்தவர் ஜிம் மார்ஷல். கடைக்கு வந்த இளம் கிட்டாரிஸ்ட்டுகள், தங்களுக்கு வேண்டிய சத்தம் சந்தையில் இல்லை என்றார்கள். மார்ஷலும் கடையின் ரிப்பேர்காரர் கென் பிரானும் டட்லி கிரேவன் என்ற இளைஞரும் சேர்ந்து, அமெரிக்காவின் ஃபென்டர் பாஸ்மேன் சர்க்யூட்டை எடுத்து வேலை பார்த்தார்கள். முதல் வால்வை மாற்றினார்கள், ஸ்பீக்கரை மாற்றினார்கள், திறந்திருந்த பெட்டியை மூடினார்கள். ராக் இசையின் சத்தமே மாறிப்போனது.

வாசிப்பவர் ஒருவர், கருவி செய்பவர் ஒருவர். இரண்டு பேரும் உட்கார்ந்து பழைய கருவியைத் திருத்துவது லண்டனில் தொடங்கிய வழக்கம் இல்லை. அதற்கு முன்பே காவிரிக் கரையில் அது நடந்திருக்கிறது. இங்கே வாசித்தவர் திருவாவடுதுறை டி.என்.ராஜரத்தினம் பிள்ளை. செய்தவர் பக்கத்து ஊரான நரசிங்கம்பேட்டையின் ரங்கநாதன் ஆசாரி.

யார் இந்த டி.என்.ஆர்?

1898 ஆகஸ்ட் 27-ல் திருமருகலில் பிறந்தார். இன்றைய நாகப்பட்டினம் மாவட்டத்து ஊர். வீட்டில் வைத்த பெயர் பாலசுப்பிரமணியன். சின்ன வயதிலேயே அப்பா போய்விட, தாய்மாமன் திருமருகல் நடேச பிள்ளைதான் எடுத்து வளர்த்தார். திருவாவடுதுறை ஆதீனத்தில் நாதஸ்வரம் வாசித்தவர் அவர். இனிஷியலில் இருக்கும் ‘டி.என்.’ இந்த மாமாவுடைய ஊரும் பெயரும்தான்.

பையன் முதலில் கற்றது வாய்ப்பாட்டு. நாதஸ்வரம் அதற்குப் பிறகு, அம்மாசத்திரம் கண்ணுசாமி பிள்ளையிடம். இந்த வரிசையைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பாடத் தெரிந்தவர் கையில் குழல் வந்ததால்தான் மீதிக் கதையே.

அப்போது என்ன பிரச்சினை?

அன்று எல்லாரும் வாசித்தது ‘திமிரி’ நாதஸ்வரம். நீளம் குறைவு, சுருதி உச்சம். நாலரை, ஐந்து கட்டை சாதாரணம். கட்டை என்றால் என்ன என்பவர்களுக்கு: கீபோர்டில் சி ஒரு கட்டை, டி இரண்டு கட்டை, ஜி ஐந்து கட்டை. குழல் நீளம் குறையக் குறைய சுருதி ஏறும். பள்ளியில் படித்த பிசிக்ஸ்தான்.

திமிரி வெளிக்கருவி. தேரோடும் வீதியிலும், சாமி புறப்பாட்டிலும், மைக் இல்லாத காலத்தில் நாலு தெரு தாண்டிக் கேட்க வேண்டும். அந்த வேலைக்கு அது கச்சிதமான டிசைன். ஆனால் ராகத்தை நிதானமாக வளைத்து, குழைத்து, கீழ் ஸ்வரங்களில் தங்கி வாசிக்க நினைக்கிறவருக்கு அது போதாது. பாட்டுக் கச்சேரியில் ஆண் பாடகர்கள் நிற்கும் சுருதி வேறு, திமிரி கத்தும் சுருதி வேறு.

இன்னொரு சிக்கல் மத்யமம். ஏழு ஸ்வரத்தில் நான்காவதான ‘ம’வுக்கு சுத்த மத்யமம், பிரதி மத்யமம் என இரண்டு நிலை உண்டு. பழைய குழலில் துளை இருந்த இடத்துக்கு இயல்பாக வந்தது பிரதி மத்யமம். சுத்த மத்யமம் வேண்டுமென்றால் ஊதும் அழுத்தத்தையும் விரலையும் வைத்துச் சமாளிக்க வேண்டும். தெரு ஊர்வலத்தில் இது பெரிய குறையாகத் தெரியாது. டி.என்.ஆரின் கையெழுத்து ராகமோ தோடி. தோடியில் வருவது சுத்த மத்யமம். மணிக்கணக்கில் ஒரே ராகத்தில் நிற்கிறவர், அந்த ராகத்துக்குத் தேவையான ஸ்வரத்துக்கே ஒவ்வொரு முறையும் குழலோடு மல்லுக்கட்ட வேண்டியிருந்தது.

நரசிங்கம்பேட்டை பட்டறை

கும்பகோணத்திலிருந்து மயிலாடுதுறை போகும் ரயில் பாதையில், ஆடுதுறையைத் தாண்டினால் நரசிங்கம்பேட்டை. திருவாவடுதுறைக்குப் பக்கத்து ஸ்டேஷனும் அதுதான். நாதஸ்வரம் செய்யும் குடும்பங்கள் தலைமுறைகளாக இருக்கும் ஊர்.

ரங்கநாதன் ஆசாரி செய்த மாற்றங்களைச் சுருக்கமாகச் சொல்லலாம். குழல் நீண்டது, சுருதி இரண்டு கட்டை அளவுக்கு இறங்கியது, சுத்த மத்யமம் நேராக விழும்படி துளைகள் இடம் மாறின. ‘பாரி’ நாதஸ்வரம் என்று இன்று சொல்வது இதைத்தான். சொல்லும்போது சுலபமாக இருக்கிறது. ஒரு துளை நகர்ந்தால் மற்ற ஸ்வரங்களும் ஆட்டம் காணும். கீழே விரல் வைக்காத ஐந்து துளைகள் வேறு இருக்கின்றன. சிலவற்றை மெழுகால் அடைத்துத்தான் சுருதி சேர்ப்பார்கள். மரம் ஆச்சா. ஒரு முறை கூடுதலாகக் கடைந்துவிட்டால் ‘அன்டூ’ கிடையாது.

வாசிப்பவருக்கும் இது இலவச அப்கிரேட் இல்லை. நீளமான குழலில் துளைகளுக்கு இடைவெளி அதிகம், விரலை அகட்ட வேண்டும், மூச்சும் கூடுதலாக வேண்டும். சின்ன வயதிலிருந்து திமிரியில் பழகிய கைக்கு இது கிட்டத்தட்ட புதுக் கருவி. புகழின் உச்சியில் இருந்த ஒருவர் அந்த ரிஸ்க்கை எடுத்தார் என்பதுதான் எனக்கு இதில் பெரிய விஷயமாகப் படுகிறது.

மைக், ரெக்கார்டு, ரேடியோ

அவர் வாழ்ந்த காலத்தையும் பார்க்க வேண்டும். 1925-க்குப் பிறகு கிராமபோன் பதிவு மைக்ரோபோனுக்கும் வால்வ் ஆம்ப்ளிஃபையருக்கும் மாறியது. சென்னை வானொலி நிலையம் 1938-லும், திருச்சி நிலையம் 1939-லும் வந்தன. தெருவுக்கென்று செய்த சத்தம் இப்போது ஒரு சின்ன மைக்குக்குள் நுழைய வேண்டும். தாங்கும் அளவைத் தாண்டி சிக்னல் வந்தால், வால்வ் அலையின் தலையை வெட்டிவிடும், சத்தம் கரகரக்கும். கிட்டாரிஸ்ட்டுகள் காசு கொடுத்து வாங்கும் அதே கரகரப்புதான். மைக்செட்காரருக்கு அது தலைவலி. அந்தக் காலத்துக்கு, கீழிறங்கி நிதானமாகப் பேசும் நாதஸ்வரம் பொருத்தமாகவே வந்து சேர்ந்தது.

அவருடைய தோடி கொலம்பியா இசைத்தட்டாக வந்து வீடு வீடாகப் போனது. ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடம் சொச்சம்தான் இடம். விடிய விடிய வாசித்தவரை அதற்குள் அடைத்தார்கள் என்றாலும், இன்றும் யூடியூபில் தேடினால் கிடைக்கிறது. ஹெட்போனில் கேளுங்கள், பின்னால் தவிலைத் தேடாதீர்கள். முதல் தடவை குழல் மட்டும் போதும்.

நாடு விடுதலையான நேரத்தில் அகில இந்திய வானொலியில் ஒலித்த மங்கல இசையும் அவருடையதே. 1940-ல் எல்லிஸ் ஆர்.டங்கன் இயக்கிய ‘கவி காளமேகம்’ படத்தில் ஹீரோவாகவும் நடித்தார். அதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை.

மேடை யாருக்கு?

இதை வெறும் டெக்னிக்கல் கதையாகப் பார்த்தால் பாதிதான் புரியும். அன்று பாட்டுக்காரருக்கு மேடை, நாதஸ்வரக்காரருக்குத் தெரு. இசை வேளாளர் சமூகத்து வித்வான்கள் சட்டை போடாமல், மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, நடந்துகொண்டே வாசிக்க வேண்டும். டி.என்.ஆர். குடுமியை எடுத்து கிராப் வைத்தார். ஷெர்வானி போட்டார். மேடையில் உட்கார்ந்துதான் வாசிப்பேன் என்று நின்றார். ‘நாதஸ்வர சக்கரவர்த்தி’ பட்டத்துக்கு ஏற்ற தோரணை. திமிர் என்று பேசியவர்கள் உண்டு. ஒப்புக்கொண்ட கச்சேரிக்கு வராமல் இருந்ததும் உண்டு. அதை நியாயப்படுத்த முடியாது. ஆனால் மற்ற பிடிவாதங்களை அப்படிச் சொல்லிவிட முடியாது. உட்கார்ந்து, ஒரு பாடகரைப் போல ராகத்தை விரிக்க வேண்டுமென்றால் அதற்கு ஏற்ற குழல் வேண்டும். பாரியும் மேடையும் அவருக்கு ஒரே கோரிக்கையின் இரண்டு பக்கம்.

சம்பாதித்தது கையில் தங்கவில்லை. 1956 டிசம்பர் 12-ல் சென்னையில் காலமானார். வயது 58.

பிறகு?

சீடர் காருகுறிச்சி அருணாசலம் பாரியையே எடுத்துக்கொண்டு போனார். 1962-ல் வந்த ‘கொஞ்சும் சலங்கை’ படத்தில் எஸ்.ஜானகியின் குரலோடு போட்டி போடும் நாதஸ்வரம் அவருடையது. பிறகு பாரிதான் வழக்கம் என்றானது. திமிரி கச்சேரிகளிலிருந்து கிட்டத்தட்ட காணாமல் போனது. ஓர் அப்கிரேட் முழுசாக ஜெயிக்கும்போது பழைய சத்தம் அழிந்துபோகிறது. நாலு தெரு தாண்டிக் கேட்ட அந்தக் கூர்மையை இன்று கல்யாண மண்டபத்து ஸ்பீக்கரால் ஈடுகட்டுகிறோம், காது வலிக்கிற அளவுக்கு.

நரசிங்கம்பேட்டை நாதஸ்வரத்துக்கு 2022-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. பட்டறைகளின் கவலை இப்போது மரம். புது ஆச்சா சரிப்படாது. ஈரம் முழுக்க வற்றிய பழைய மரம் வேண்டும். வால்வ் ஆம்ப் ரிப்பேர்காரர்கள் எப்போதோ உற்பத்தி நின்றுபோன வால்வுகளைத் தேடி அலைவது போல, இங்கே ஆசாரிகள் இடிக்கப்படும் பழைய வீடுகளைத் தேடுகிறார்கள். யாரோ ஒருவருடைய தாத்தா வீட்டு உத்தரமும் தூணும் வாங்கி வந்து, அறுத்து, கடைந்து, துளை போடுகிறார்கள்.