ஒரு பஸ்ஸோடு மறுபடியும் ஆரம்பித்தவர்



கயத்தாறு என்றாலே வெளியூர் ஜனங்களுக்கு 1799-ம் வருஷமும், கட்டபொம்மனும், அந்தப் புளியமரமும்தான் ஞாபகத்துக்கு வரும். நமக்கு அப்படியா? பஸ்ஸுக்காகக் காத்து நிற்கிறதுதான் முதலில் ஞாபகத்துக்கு வரும்! திருநெல்வேலி பக்கம் போனாலும் சரி, கோவில்பட்டி பக்கம் போனாலும் சரி, ஊருக்குள்ளே வருமா, நாற்கரச் சாலையிலேயே இறக்கி விட்டுட்டுப் போயிருவானா என்கிற கவலை இல்லாமல் நாம் பஸ் ஏறினதே இல்லை. அதனாலே இந்த மாதம் ஒரு பஸ் முதலாளியின் கதையைச் சொல்லலாம் என்று நினைத்தேன்.

கோயம்புத்தூர் ஜி.டி. நாயுடு. பெயரைக் கேள்விப்படாதவர்கள் நம்மில் குறைவு. அவர் நம் விசுவாசத்தைச் சேர்ந்தவர் அல்ல. பெரியாருக்கு நெருங்கிய சிநேகிதராக இருந்தவர். பின்னே நம்முடைய மடலில் அவருக்கு என்ன இடம் என்று கேட்கிறீர்களா? சொல்லுகிறேன். நம்ம கரிசக்காட்டுச் சம்சாரிகள் வீட்டுப் பிள்ளைகள் எத்தனையோ பேர் இன்றைக்கு நிலத்தை விட்டுவிட்டு ஒரு கடை, ஒரு லோடு வண்டி, ஒரு சின்ன ஒர்க்ஷாப் என்று ஆரம்பிக்கிறார்கள். சிலருக்குக் கை கொடுக்கிறது. சிலருக்குக் கவிழ்ந்து போகிறது. கவிழ்ந்து போன பிள்ளை முகத்தைத் தூக்கிக்கொண்டு வெளியே வருகிறதில்லை, ஜெபக்கூட்டத்துக்குக்கூட வருகிறதில்லை. அப்படிக் கவிழ்ந்து எழுந்த ஒரு சம்சாரி வீட்டுப் பிள்ளைதான் இந்த மனுஷர்.

1893-ம் வருஷம் மார்ச் 23-ம் தேதி, கோயம்புத்தூர் பக்கம் கலங்கல் என்கிற கிராமத்தில் பிறந்தார். துரைசாமி என்று பெயர். அப்பா கோபால்சாமி நாயுடு, விவசாயி. தாயார் சிறு பிராயத்திலேயே தவறிவிட்டார்கள். பள்ளிக்கூடம் அவருக்கு ஒத்துவரவே இல்லை. வாத்தியார் முகத்தில் மணலை அள்ளி வீசிவிட்டு ஓடினார் என்று ஒரு கதை சொல்லுவார்கள். ஆரம்பப் பள்ளியைக்கூட முழுசாய்த் தாண்டவில்லை. பார்த்தார் அப்பா, தோட்டத்துக்குக் காவலுக்கு அனுப்பிவிட்டார். அங்கேதான் அதிசயம்! பள்ளிக்கூடத்தில் ஏறாத எழுத்து தோட்டத்தில் ஏறினது. கிடைத்த தமிழ்ப் புஸ்தகத்தையெல்லாம் தானாகவே உட்கார்ந்து வாசித்தார். படிப்பு வராத பிள்ளை என்று நாம் முத்திரை குத்துகிறோமே, படிப்பு வரவில்லையா, பள்ளிக்கூடம் பிடிக்கவில்லையா என்று இரண்டையும் பிரித்துப் பார்க்கிறதே இல்லை.

வாலிப வயதில் ஒரு நாள் வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் மோட்டார் சைக்கிளில் வந்ததைப் பார்த்தார். மாடு இல்லை, குதிரை இல்லை, வண்டி தானாக ஓடுகிறது! பையனுக்கு அன்றைக்கே தூக்கம் போய்விட்டது. அமெரிக்காவில் மிச்சிகன் மாகாணத்தில் ஒரு விவசாயி மகனுக்கும் இதே மாதிரி நடந்தது. 1876-ல் ரோட்டில் தானாக நகர்ந்து வந்த நீராவி என்ஜினைப் பார்த்து மலைத்து நின்ற அந்தப் பையன்தான் பிற்பாடு கார் கம்பெனி நடத்திய ஹென்றி போர்டு. அவருக்கும் காட்டு வேலை பிடிக்காது. இருவருக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. நம்ம துரைசாமிக்கு ஆங்கிலம் தெரியாது, கையில் காசும் கிடையாது.

அப்போ என்ன செய்தார்? வீட்டை விட்டுக் கோயம்புத்தூருக்குப் போய் ஒரு ஓட்டலில் சர்வர் வேலைக்குச் சேர்ந்தார். இலை போட்டு, இட்லி வைத்து, மேஜை துடைத்து, காசு காசாகச் சேர்த்தார். ஒன்றிரண்டு மாதமல்ல, வருஷக்கணக்காக! முந்நூறு ரூபாய் வரை சேர்த்து அந்த அதிகாரியிடமே போய் அந்த மோட்டார் சைக்கிளை விலைக்கு வாங்கினார் என்று சொல்லுவார்கள். வாங்கினவர் ஏறி ஊரைச் சுற்றினாரா? இல்லை. வீட்டுக்குக் கொண்டுவந்து ஆணி ஆணியாகக் கழற்றிப் போட்டுவிட்டார்! மறுபடி பூட்டினார், மறுபடி கழற்றினார். அதுதான் அவர் படித்த காலேஜ். வீட்டில் என்ன சொல்லியிருப்பார்கள் என்று நமக்குத் தெரியாதா... நம்ம வீட்டில் ஒருத்தன் இப்படிச் செய்தால் நாம் என்ன சொல்லுவோமோ அதைத்தான் சொல்லியிருப்பார்கள்.

இனிமேல்தான் கதையின் முக்கியமான இடம். மெக்கானிக் வேலையில் கொஞ்சம் கைப்பழக்கம் வந்த பிறகு திருப்பூரில் பருத்தி வியாபாரத்தில் இறங்கினார், ஜின்னிங் பாக்டரி நடத்தினார். அது முதல் உலகப் போர் நடந்த காலம். பஞ்சு விலை ஏறிக்கொண்டே போனது. கை நிறையப் பணம் வந்தது. பருத்தியைப் பற்றி நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நம்ம கரிசல் பருத்திதான் திருநெல்வேலிப் பருத்தி என்ற பெயரோடு தூத்துக்குடி துறைமுகத்தில் கப்பல் ஏறினது. விளைய வைக்கிறவன் கயத்தாற்றிலே, விலை வைக்கிறவன் பம்பாயிலே! அந்தப் பம்பாய்ச் சந்தைக்குத்தான் இளம் நாயுடுவும் போனார். பெரிய வியாபாரம் செய்து பெரிய லாபம் பார்க்கலாம் என்று போனார். சம்பாதித்ததையெல்லாம் அங்கே தொலைத்துவிட்டு வெறுங்கையோடு திரும்பினார்.

யோசித்துப் பாருங்க. வயது இருபத்தைந்து தாண்டிவிட்டது. படிப்பு கிடையாது. ஊர் பூராவும் தெரிந்த தோல்வி. ஊருக்குத் திரும்பிப் போய்க் காட்டைப் பார்க்கலாம், தப்பில்லை. அல்லது இன்னொரு தடவை கடன் வாங்கிக்கொண்டு அதே பஞ்சுச் சூதாட்டத்தில் இறங்கி விட்டதைப் பிடிக்கிறேன் என்று போகலாம். நம்மில் பலர் செய்கிற தப்பு அதுதான். அவர் இரண்டையும் செய்யவில்லை. தனக்கு நிஜமாகவே தெரிந்த ஒன்று எது என்று பார்த்தார். என்ஜின் தெரியும்! அவ்வளவுதான்.

கோயம்புத்தூரில் அப்போது ராபர்ட் ஸ்டேன்ஸ் என்று ஒரு வெள்ளைக்காரப் பெரியவர் இருந்தார். 1858-ல் பதினேழு வயசுப் பையனாக இந்த ஊருக்கு வந்தவர். காப்பிக்கொட்டை பதப்படுத்தும் தொழிலில் ஆரம்பித்து, பஞ்சாலை வரைக்கும் வளர்ந்தவர். நல்ல கிறிஸ்தவர். 1862-ல் அவர் ஆரம்பித்து வைத்த பள்ளிக்கூடம் ஸ்டேன்ஸ் ஸ்கூல் என்று இன்றைக்கும் கோயம்புத்தூரில் நடக்கிறது. நாயுடு அவரிடம் போய் நின்றார். ஒரு பஸ் வாங்க வேண்டும், விலை எண்ணாயிரம் ரூபாய். அதில் நாலாயிரத்தை ஸ்டேன்ஸ் கடனாகக் கொடுத்தார் என்பது நாயுடுவின் வாழ்க்கையில் எல்லோரும் சொல்லுகிற விஷயம். அந்தக் காலத்து நாலாயிரம்! பம்பாயில் பணத்தைத் தொலைத்துவிட்டு வந்தவனுக்கு, தன் சாதியும் அல்ல, தன் தேசமும் அல்ல, இப்படி ஒருத்தன் கொடுத்தான் என்றால் என்ன நம்பிக்கையில் கொடுத்தான்? கணக்குப் புஸ்தகத்தைப் பார்த்திருந்தால் கொடுத்திருக்க மாட்டான். ஆளைப் பார்த்துத்தான் கொடுத்திருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

1920-ல் அந்த ஒற்றைப் பஸ் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் ஓட ஆரம்பித்தது. ஏறத்தாழ 40 மைல் தூரம். அந்த இரண்டு ஊருக்கும் நடுவே அப்போது ரயில் வரவில்லை. பஸ் இல்லாவிட்டால் மாட்டு வண்டிதான். முதலாளி யார்? நாயுடு. டிரைவர் யார்? அவரேதான்! வண்டி வழியில் நின்றுபோனால் ரிப்பேர் பார்க்கிறவரும் அவரே. இதில் ஒரு கணக்கு இருக்கிறது, வண்டி வைத்திருக்கிற சகோதரர்களுக்கு உடனே புரியும். ஒற்றை வண்டிக்காரன் லாபத்தைத் தின்கிறது ஒர்க்ஷாப் செலவும், வண்டி நிற்கிற நாட்களும்தான். அந்தக் காலத்துக் கப்பி ரோட்டில் கேட்கவே வேண்டாம். ஆனால் மோட்டார் சைக்கிளைக் கழற்றிக் கழற்றிப் பூட்டின கைக்கு அந்தச் செலவு கிடையாது. வெட்டிவேலை என்று ஊர் பார்த்த அந்தப் பழக்கம்தான் இப்போது வட்டியும் முதலுமாகத் திரும்பி வந்தது.

ஒன்று இரண்டாச்சு, இரண்டு நாலாச்சு. யுனிவர்சல் மோட்டார் சர்வீஸ், சுருக்கமாக யு.எம்.எஸ். என்று கம்பெனிக்குப் பெயர். 1933 வாக்கில் அவரிடம் 280 பஸ் வரைக்கும் ஓடினது. பதின்மூன்று வருஷத்தில்! பஸ் என்றால் ஆள் நிறைந்தால்தான் எடுப்பான் என்று இருந்த காலத்தில், நேரத்துக்குக் கிளம்பும் பஸ் என்று ஜனங்களுக்குக் காட்டினார். டிக்கெட் கொடுக்க ஒரு மிஷின், என்ஜினின் அதிர்வைச் சோதிக்க ஒரு கருவி என்று தன் தொழிலுக்குத் தேவையானதைத் தானே உண்டாக்கினார். நேரம் என்றால் அவருக்கு உயிர். நாம் ஆராதனைக்கு வருகிற நேரத்தை அவர் பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ!

பிறகு அவர் செய்ததெல்லாம் நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள், சீக்கிரமாகச் சொல்லிவிடுகிறேன். ஜெர்மனிக்குப் போய் ராசண்ட் என்று மின்சார ஷேவிங் ரேசர் செய்தார். 1937-ல் டி. பாலசுந்தரம் நாயுடுவோடு சேர்ந்து இந்தியாவிலேயே முதலாவதாக மின்சார மோட்டார் செய்தது அவர்தான். இன்றைக்குக் கிணற்று மோட்டார் என்றால் கோயம்புத்தூர் மோட்டார் என்று நம்ம ஊர்ச் சம்சாரியும் கேட்டு வாங்குகிறானே, அதன் ஆரம்பம் அங்கேதான். மண்ணெண்ணெயில் ஓடுகிற மின்விசிறி, பழம் பிழிகிற கருவி, ஓட்டுப் பதிவு செய்கிற இயந்திரம்... இப்படி எத்தனையோ. காட்டையும் அவர் விட்டுவிடவில்லை. பருத்தியிலும் பப்பாளியிலும் விதவிதமாகப் பரிசோதனை செய்து பார்த்துக்கொண்டே இருந்தார். சம்சாரி ரத்தம் போகுமா?

ஆனால் எல்லாம் இனித்தது என்று எழுதினால் பொய்யாகிவிடும். குறைந்த விலைக்கு ரேடியோ செய்து தருகிறேன் என்றார், நடக்கவில்லை. 1952-ல் இரண்டாயிரம் ரூபாய்க்கு இரண்டு பேர் போகிற கார் செய்தார், லைசென்ஸ் கிடைக்கவில்லை. வரி மேலே வரி வந்தது. கோபம் பொங்கி, 1950-களில் தான் செய்த பொருட்களை ஜனங்கள் முன்பாகவே உடைத்துப் போட்டு எதிர்ப்புக் காட்டினார். அவருடைய வருத்தம் நியாயமாகவே இருக்கலாம். ஆனாலும் ஒவ்வொரு ஆணியாகக் கழற்றிப் பூட்டிக் கற்றுக்கொண்ட அதே கை சம்மட்டியால் உடைத்தது என்று வாசிக்கும்போது எனக்கு மனசு சங்கடமாகத்தான் இருக்கிறது. அந்தப் பொருட்களை நாலு பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்திருக்கலாமே!

பள்ளிக்கூடம் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். மூன்றாம் வகுப்பிலேயே முறைத்துக்கொண்டு வந்தவர், 1945-ல் கோயம்புத்தூரில் ஒரு தொழிற்கல்லூரி வர முன்நின்று கொடை கொடுத்தார். அப்போதைய சென்னை கவர்னர் ஆர்தர் ஹோப் பெயரை அதற்கு வைத்தார்கள். முதல் பிரின்சிபால் யார் தெரியுமா? படிக்காத இந்த மனுஷர்தான்! என்ஜினியரிங் படிக்க நாலு வருஷம் எதற்கு, இரண்டு வருஷம் போதும் என்பது அவர் எண்ணம். அரசாங்கம் ஒத்துக்கொள்ளவில்லை. பதவியை விட்டு வந்துவிட்டார். அந்தக் கல்லூரிதான் பிற்பாடு அரசினர் தொழில்நுட்பக் கல்லூரியாக வளர்ந்தது.

1974-ம் வருஷம் ஜனவரி 4-ம் தேதி, எண்பது வயதில் காலமானார். பஸ், மோட்டார், ரேசர் எல்லாம் காலத்தோடு மாறிப்போயிற்று. கோயம்புத்தூர் போகிற சகோதரர்கள் அவிநாசி ரோட்டில் அவர் பெயரில் இருக்கிற பொருட்காட்சிக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுங்கள். அதே ரோட்டில் 2025 அக்டோபரில் திறந்த பத்து கிலோமீட்டர் மேம்பாலத்துக்கு ஜி.டி. நாயுடு என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ஆனால் மேம்பாலத்தில் ஏறாதீர்கள், கீழே டவுன் பஸ்ஸில் போங்கள். வழியில் ஒரு ஸ்டாப் வரும். கல்லூரி அங்கே இருந்து போய் எத்தனையோ காலம் ஆச்சு, ஹோப் துரையும் போய்விட்டார், ஆனாலும் கண்டக்டர் இன்னமும் ஹோப் காலேஜ், ஹோப் காலேஜ் என்றுதான் கூப்பிட்டு இறக்கி விடுகிறார்.