சுவடியை ஈந்த சேலத்துச் செம்மல்

தமிழ் பயிலும் மாணவர் அனைவரும் டாக்டர் உ.வே.சாமிநாதையரை அறிவர். சிந்தாமணியும் சிலம்பும் மேகலையும் அவர்தம் உழைப்பால் செம்மையுற அச்சேறிய வரலாற்றை வகுப்பில் கேட்டிருப்பர். ஆனால், அவ்வறிஞரைப் பழந்தமிழ்க் காப்பியத்தின்பால் திருப்பி, முதற்பிரதியை அவர் கையில் வைத்தவர் யார் என வினவினால் விடையிறுப்போர் சிலரே. அவர் நாம் வாழும் இச்சேலத்து மண்ணில் தோன்றியவர். ஊர்ப்பெயரைத் தம் பெயரோடு தாங்கிய சேலம் இராமசாமி முதலியார்.

முதலியார் 1852-ஆம் ஆண்டு சேலத்தில் பிறந்தார். ஆங்கிலக் கல்வியும் சட்டக் கல்வியும் பெற்று, இளம் வயதிலேயே முன்சீபு என்னும் நீதிபதிப் பதவியை அடைந்தார். ஆங்கிலம் கற்றோர் பலர் தாய்மொழி நூல்களைப் பொருட்படுத்தாத காலம் அது. முதலியாரோ, அலுவல் நிமித்தம் ஊர் ஊராக மாற்றப்பெற்றபோதும் பழந்தமிழ் நூல்கள்மீது கொண்ட வேட்கையைக் கைவிடவில்லை. அவ்வாறு அவர் முயன்று தேடிப் பெற்றவற்றுள் ஒன்று சீவக சிந்தாமணியின் கையெழுத்துப் பிரதி.

நூல் கிடைத்தது; ஆனால் அதனைப் பாடம் சொல்வார் கிடைக்கவில்லை. 1868-இல் பவர் என்னும் பாதிரியார் முதற்பகுதியாகிய நாமகள் இலம்பகத்தை மட்டும் அச்சிட்டிருந்தார். எஞ்சிய பகுதிகள் ஏட்டிலேயே கிடந்தன. ஏட்டெழுத்தில் புள்ளி இடும் வழக்கமில்லை. எகரமும் ஏகாரமும், ஒகரமும் ஓகாரமும் வேறுபாடின்றி எழுதப்படும். செய்யுள் எங்கே முடிகிறது, நச்சினார்க்கினியர் உரை எங்கே தொடங்குகிறது என்று பிரித்தறிவதே அரிது. அதற்குமேல் சமண சமயக் கருத்துகள் நூலெங்கும் விரவிக் கிடந்தன. இத்தகைய நூலைத் தம் பேழையில் வைத்திருப்பதே பெருமை என்று முதலியார் மனநிறைவு கொள்ளவில்லை. அதனைக் கற்பிக்க வல்லாரைத் தேடினார்.

கும்பகோணத்திற்கு மாற்றலாகி வந்தபோது அத்தேடல் பயனளித்தது. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் மாணாக்கரான சாமிநாதையர், 1880-ஆம் ஆண்டில்தான் அவ்வூர் அரசினர் கல்லூரியில் தமிழாசிரியராக அமர்ந்திருந்தார். அவ்வாண்டு அக்டோபர் 21-ஆம் நாள் இருவரும் சந்தித்தனர். முதலியாருக்கு வயது 28, ஐயருக்கு 25.

எவ்வெந்நூல்கள் கற்றீர் என முதலியார் வினவ, ஐயர் தாம் பாடம் கேட்ட அந்தாதிகள், பிள்ளைத்தமிழ்கள், கோவைகள், தலபுராணங்கள் எனப் பெரியதொரு பட்டியலையே ஒப்பித்தார். கேட்டவர் வியப்படையவில்லை. இவற்றுக்கெல்லாம் மூலமான பழைய நூல்களைக் கற்றதுண்டா என்று மீண்டும் வினவினார். சிந்தாமணி, சிலப்பதிகாரம், மணிமேகலை என்னும் பெயர்களை எடுத்துரைத்தார். அவற்றை ஐயர் கற்றிருக்கவில்லை. கடுமையாகத் தோன்றிய அவ்வினா ஐயரின் உள்ளத்தைத் தைத்தது. பின்னர் முதலியார் தம்மிடமிருந்த பிரதியை அவரிடமே ஒப்படைத்துத் தமக்குப் பாடம் சொல்லுமாறு வேண்டினார். நீதிபதி மாணவராக அமர்ந்தார். ஆசிரியரும் நூலோடு போராடிக் கற்றுக்கொண்டே கற்பித்தார்.

பாடத்தில் தோன்றிய ஐயங்கள் ஐயரைக் கும்பகோணத்துச் சமணர் இல்லங்களுக்கு அழைத்துச் சென்றன. அங்கே அவர்கள் சிந்தாமணியைச் சமய நூலாகப் போற்றிப் படித்து வருவதைக் கண்டார். புலவருலகம் மறந்த நூல் ஒரு சமுதாயத்தின் வீடுகளில் வாழ்ந்துகொண்டிருந்தது. தம் சமயத்தவரல்லாத ஒருவருக்கு அவர்கள் பொருள் விளக்கி உதவினர் என்பது ஈண்டு நினைவுகூரத்தக்கது.

முதலியார் பதவியை விட்டுச் சென்னை சென்று வழக்கறிஞரான பின்னரும் ஐயரை மறந்தாரில்லை. நூலை அச்சிடுமாறு தூண்டி, அதற்கு வேண்டிய ஆதரவும் திரட்டினார். இருபதுக்கு மேற்பட்ட பிரதிகளை ஒப்புநோக்கி ஐயர் பதிப்பித்த சீவக சிந்தாமணி 1887-இல் வெளிவந்தது.

இதற்கிடையில் முதலியார் நாட்டுப் பணியிலும் முன்னின்றார். 1885-இல் இந்தியர் குறைகளை இங்கிலாந்து வாக்காளர்களுக்கு எடுத்துரைக்கச் சென்ற மூவருள் சென்னை மாகாணத்தின் பிரதிநிதி அவரே. வங்காளத்து மன்மோகன் கோஷும் பம்பாயின் சந்தாவர்க்கரும் மற்றிருவர். 1886-இல் அமைக்கப்பெற்ற அரசுப் பணி ஆணைக்குழுவிலும் அவர் உறுப்பினரானார். அலிகார் கல்லூரியை நிறுவிய ஸையித் அஹ்மத் கான் அவர்களும் அக்குழுவில் ஓர் உறுப்பினர். இந்தியர் உயர்பதவி பெறுவது குறித்து ஆராய்ந்த அவையில் கல்வியால் சமுதாயம் உயரப் பாடுபட்டவரும் சுவடியால் தமிழ் உயரத் துணைநின்றவரும் ஒருங்கே அமர்ந்தனர் என்று எண்ணும்போது நெஞ்சம் நெகிழ்கிறது.

1892-இல், நாற்பது வயதளவில், முதலியார் மறைந்தார். அன்று அவர் கேட்ட மூன்று நூல்களுள் சிலப்பதிகாரம் அவ்வாண்டிலேயே ஐயர் பதிப்பாக வெளிவந்தது. மணிமேகலை 1898-இல் வந்தது. ஐயர் 1942-இல் மறைய, அவர் திரட்டிய சுவடிகளும் நூல்களும் 1943-இல் அவர் பெயராலேயே சென்னையில் ஒரு நூல்நிலையமாயின. அந்நிலையத்தின் ஏடுகள் பலவற்றுக்குப் பின்னே, சேலத்தவர் ஒருவர் கேட்ட ஒற்றை வினா நிற்கிறது.

இனி நம் வீடுகளை நோக்குவோம். செய்கு அப்துல் காதிர் நயினார் லெப்பை ஆலிம் அவர்கள் உமறுப் புலவரின் சீறாப்புராணத்தை 1842-இலேயே அச்சேற்றினார்கள். அத்தகைய முன்னோரின் வழிவந்த நம் இல்லங்களில் பாட்டனார் ஓதிய அரபுத்தமிழ்க் கிதாபுகள் இன்றும் மர அலமாரிகளிலும் பரண்களிலும் உள்ளன. மரியாதையாகத் துணியில் சுற்றி வைத்திருக்கிறோம். ஆயினும், பேரப்பிள்ளைகளுள் அவ்வெழுத்தைப் படிக்கத் தெரிந்தவர் எத்தனை பேர்? வீடு இடிக்கப்படும் நாளில் அவை பழைய காகிதக் கடைக்குப் போவதில்லையா? 1880-இல் முதலியார் எதிர்கொண்ட நிலையே இன்று நம்முடையது. நூல் இருக்கிறது, ஓதிப் பொருள் சொல்வார் அருகிவிட்டனர்.

இறைமறையின் முதல் அறிவிப்பே ஓதுதலைப் பற்றியது. பயன்தரும் கல்வி, மறைந்த பின்னும் நன்மை சேர்க்கும் நிலையான தருமம், ஸதகத்துல் ஜாரியா, என்று நம் மார்க்கம் கற்பிக்கிறது. பெரியோர்களே, உங்கள் அலமாரிகளைத் திறந்து, அங்குள்ளவற்றைக் கற்கும் இளைஞரிடம் காட்டுங்கள். மாணவர்களே, அவ்வெழுத்தை அறிந்த முதியோர் நம்மிடையே இருக்கும்போதே சென்று பாடம் கேளுங்கள். முதலியார் தம் பிரதியைப் பூட்டி வைத்திருந்தால் அது ஒரு வீட்டுப் பொருளாகவே அழிந்திருக்கும். உரியவர் கையில் தந்தார். அது தமிழ்நாட்டின் உடைமையாயிற்று.