மணலில் ஒளி கண்டவர்

ஆற்றுமணலும் சன்னல் கண்ணாடியும் அணிகலனில் மின்னும் ஓப்பல் மணியும் தோற்றத்தால் வேறுபட்டவை. ஆயினும், சிலிக்கனும் ஆக்சிசனும் இணைந்த சிலிக்காவே அவற்றின் பெரும்பகுதியாகும். பொருளினுள் புகும் ஒளி என்னவாகிறது என்னும் வினாவை வாழ்நாள் முழுதும் பின்தொடர்ந்தவர் சர் சி. வி. இராமன்.

1888 நவம்பர் 7 அன்று திருச்சிராப்பள்ளியை அடுத்த திருவானைக்காவில் பிறந்த இராமன், சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்றார். 1906இல், மாணவராக இருந்தபோதே, அவரது முதல் ஆய்வுக்கட்டுரை இலண்டன் இதழொன்றில் வெளியாயிற்று. மறு ஆண்டு நிதித்துறைப் பணியேற்றுக் கல்கத்தா சென்றார். அலுவல் போக எஞ்சிய பொழுதை இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தின் ஆய்வுக்கூடத்தில் செலவிட்டார். 1917இல், ஊதியம் குறையும் என அறிந்தும், அப்பணியைத் துறந்து பேராசிரியரானார்.

1928 பிப்ரவரி 28 அன்று அவரது உழைப்பு பயன் தந்தது. ஒருநிற ஒளி மூலக்கூறுகளில் பட்டுச் சிதறும்போது, அதில் மிகச் சிறுபகுதி நிறம் மாறி வெளிவருவதை அவரும் கே. எஸ். கிருஷ்ணனும் கண்டனர். மூலக்கூறுகளின் அதிர்வே அம்மாற்றத்திற்குக் காரணம். அதே ஆண்டில் மாஸ்கோவில் இருவர், சிலிக்காப் படிகமான குவார்ட்சில் இவ்விளைவைத் தனித்துக் கண்டனர். 1930இல் இராமனுக்கு நோபல் பரிசு வழங்கப்பட்டது.

1948இல் பெங்களூரில் தாம் நிறுவிய ஆய்வுநிலையத்தில் இராமன் மணிகளின் நிறங்களை ஆராய்ந்தார். ஓப்பலினுள் மாறிமாறி அமைந்த மெல்லிய அடுக்குகளே அதன் வண்ணத்திற்குக் காரணம் என, 1953இல் தம் மாணவர் ஜெயராமனுடன் இணைந்து விளக்கினார். அவ்விளக்கம் நிலைக்கவில்லை. 1964இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் எலக்ட்ரான் நுண்ணோக்கியால் நோக்கியபோது, ஒரு மில்லிமீட்டரின் பத்தாயிரத்தில் இரண்டு மூன்று பங்கே விட்டமுள்ள சிலிக்கா உருண்டைகள் ஒழுங்காக அடுக்கப்பட்டிருந்தன. உள்ளமைப்பின் ஒழுங்கே வண்ணம் தருகிறது என்னும் அவரது கருத்து மட்டும் நிலைபெற்றது.

1970 நவம்பர் 21 அன்று இராமன் மறைந்தார். அவர் கண்ட விளைவோ இன்றும் உழைக்கிறது. கல்பாக்கத்தில் அணுக்கழிவைக் கண்ணாடியோடு உருக்கிக் கட்டியாக்கிக் காக்கின்றனர். நெடுங்காலக் கதிர்வீச்சு, அக்கண்ணாடியின் சிலிக்கன்-ஆக்சிசன் பிணைப்புகளை எவ்வாறு மாற்றும் என்பது வருங்காலத் தலைமுறைகளின் பாதுகாப்பைச் சார்ந்த வினா. அத்தகைய மாற்றத்தை, பொருளைச் சிதைக்காமலே காட்டும் வழிகளுள் ஒன்று இராமன் விளைவு. ஓர் அறிஞரின் விடை திருத்தப்படலாம். அவர் எழுப்பிய வினாவும் அமைத்துத் தந்த வழியும் பின்வருவோர்க்குத் துணைநிற்கும்.