தாயின் கண்ணீரும் தளபதியின் பயணமும்

(பத்தாம் வகுப்பு, ‘ஆ’ பிரிவு)

பொதுத் தேர்வு நெருங்க நெருங்க, வீட்டுக்கு வருகிற பெரியப்பா முதல் பேருந்தில் பக்கத்தில் அமர்கிற பாட்டி வரை எல்லோரும் நம்மிடம் கேட்பது ஒரே கேள்விதான். அடுத்து என்ன செய்யப் போகிறாய்? விடை தெரியாமல் விழிக்கும் தோழியரே, பள்ளிப் படிப்பை முடித்துவிட்டு இரண்டு ஆண்டுகள் இதே கேள்வியோடு நின்ற ஒரு பையனைப் பற்றி இங்கே எழுதுகிறேன். அவன் பெயர் டுவைட் டேவிட் ஐசனோவர். ஊரார் அழைத்தது ஐக் என்று. பிற்காலத்தில் அமெரிக்க நாட்டின் 34-வது குடியரசுத் தலைவராக விளங்கியவர் இவரே.

1890-ஆம் ஆண்டு அக்டோபர் 14-ஆம் நாள் டெக்சாஸ் மாநிலத்தில் டெனிசன் என்னும் ஊரில் ஐக் பிறந்தான். தந்தை டேவிட், தாய் ஐடா. குழந்தையாக இருக்கும்போதே குடும்பம் கான்சாஸ் மாநிலத்து அபிலீன் நகருக்குக் குடிபெயர்ந்தது. அங்கே ஒரு வெண்ணெய்த் தொழிற்சாலையில் தந்தைக்கு இயந்திரங்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை. பிறந்தவை ஏழும் ஆண் குழந்தைகள். ஒன்று கைக்குழந்தையாகவே இறந்துவிட, ஆறு பேர் வளர்ந்தார்கள். பெண் பிள்ளையே இல்லாத வீடு! ஆகவே சமைப்பதும் பாத்திரம் துலக்குவதும் துணி துவைப்பதும் பையன்களுக்கே முறை வைத்துப் பிரித்துக் கொடுக்கப்பட்டன. (இந்த வரியை என் அண்ணனுக்குப் படித்துக் காட்டியபோது அவன் மெல்ல எழுந்து வெளியே போய்விட்டான்.) தோட்டத்தில் விளைந்த காய்கறிகளை வசதியுள்ளவர்கள் வாழும் தெருக்களுக்கு எடுத்துச் சென்று விற்பதும் அந்தப் பிள்ளைகளின் வேலைதான்.

ஐடா அம்மாளைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். அவர் 1862-இல் வர்ஜீனியாவில் பிறந்தவர். அமெரிக்காவில் வடக்கும் தெற்கும் மோதிக்கொண்ட உள்நாட்டுப் போரின் நடுவே, படைகள் மாறி மாறி வந்து போன பள்ளத்தாக்கில் பிறந்தவர். இளமையிலேயே பெற்றோரை இழந்தவர். படிக்க வேண்டும் என்ற பேராவலால் சொந்த முயற்சியில் கல்லூரி வரை சென்றவர். அவரது குடும்பம் சார்ந்திருந்த கிறிஸ்தவ சபை ஆயுதம் ஏந்துவதையே பாவம் என்று கருதியது. பகைவரையும் நேசி என்ற கட்டளையை அவர் அப்படியே எடுத்துக்கொண்டார். போர் என்ற சொல்லே அவருக்கு ஆகாது.

அப்படிப்பட்ட தாய்க்குப் பிறந்த ஐக், போர் வரலாறுகளை விழுங்கி விழுங்கிப் படித்தான்! கார்த்தேஜ் நாட்டு ஹன்னிபால்தான் அவனுக்குப் பிடித்த வீரன். வீட்டு வேலையையும் பாடத்தையும் மறந்து படிக்கிறான் என்று அந்தப் புத்தகங்களைத் தாய் அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார். சாவி இருக்கும் இடத்தை மகன் எப்படியோ கண்டுபிடித்துவிட்டான். தாய் வெளியே போகும் நேரம் பார்த்து எடுத்துப் படித்துவிட்டு, வருவதற்குள் பழையபடி வைத்துவிடுவான்.

உயர்நிலைப் பள்ளியின் முதல் ஆண்டில் அவன் கீழே விழுந்து முழங்காலில் சிராய்ப்பு ஏற்பட்டது. சிறு காயந்தானே என்று விட்டது நஞ்சாகி உயிருக்கே ஆபத்தாயிற்று. காலை எடுத்துவிட வேண்டியிருக்கும் என்றார் மருத்துவர். ஐக் ஒப்பவில்லை. மயக்கத்தில் தான் கிடக்கும்போது யாரும் காலை வெட்டிவிடாமல் பார்த்துக்கொள் என்று அண்ணன் எட்கரிடம் வாக்கு வாங்கிக்கொண்டான். எட்கரும் அறை வாசலிலேயே காவல் இருந்தான். இறையருளால் கால் பிழைத்தது. ஆனால் பள்ளியில் ஓர் ஆண்டு வீணாகி, அதே வகுப்பை மறுபடியும் படிக்க வேண்டியதாயிற்று. இந்த ஓர் ஆண்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

1909-இல் எட்கரும் ஐக்கும் ஒன்றாகப் பள்ளிப் படிப்பை முடித்தார்கள். இருவருக்கும் கல்லூரி ஆசை. ஆனால் வீட்டில் பணம் இல்லை. ஆகவே அண்ணனும் தம்பியும் ஓர் உடன்பாடு செய்துகொண்டார்கள். முதலில் எட்கர் கல்லூரிக்குப் போவது, ஐக் வேலை செய்து பணம் அனுப்புவது. பிறகு முறையை மாற்றிக்கொள்வது. எட்கர் மிச்சிகன் பல்கலைக்கழகத்துக்குச் சட்டம் படிக்கச் சென்றான். ஐக் தந்தை வேலை பார்த்த அதே தொழிற்சாலையில் சேர்ந்தான். சுமார் 136 கிலோ எடையுள்ள பனிக்கட்டிப் பாளங்களை இழுத்தான், கொதிகலனுக்குக் கரி அள்ளிப் போட்டான், பிறகு இரவு வேலைக்குப் பொறுப்பாளன் ஆனான். மாலை 6 மணிக்குப் போனால் காலை 6 மணிக்குத்தான் திரும்புவான். உடன் படித்தவர்கள் கல்லூரி சென்றிருக்க, தான் மட்டும் கொதிகலன் முன் நிற்பதை அவன் என்ன நினைத்திருப்பான்! எட்கருடைய முறை ஓர் ஆண்டோடு முடியவும் இல்லை. ஐக் அதைக் குறையாகச் சொன்னதாக எங்கும் நான் படிக்கவில்லை.

1910 கோடையில் ஒரு திருப்பம். ஹேசலட் என்ற நண்பன் கடற்படைக் கல்லூரியில் சேர முயன்று, கணக்கில் தவறி, மறுபடியும் எழுதுவதற்காக ஊருக்கு வந்திருந்தான். நீயும் எழுதேன் என்று அவன் ஐக்கைத் தூண்டினான். அங்கே படிப்புக்குக் கட்டணம் கிடையாது. இலவசக் கல்வி என்ற ஒன்றுதான் ஐக்கை முதலில் இழுத்தது. நாட்டுப் பற்று, வீரம் என்பவை எல்லாம் பிறகு வந்தவை. சிலர் இதை மறைத்து எழுதுகிறார்கள். மறைப்பானேன்? ஏழைப் பிள்ளை படிக்க ஆசைப்படுவதில் என்ன குறை?

மாநில செனட்டர் பிரிஸ்டோவுக்கு ஐக் கடிதம் எழுதினான். ஊர்ப் பெரியவர்கள் பலரிடம் பரிந்துரையும் வாங்கினான். அந்தக் கடிதத்தில் தன் வயதில் ஒன்றைக் குறைத்து எழுதிவிட்டான் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். நமக்குப் பிடித்த பெரியவர்களிடமும் இப்படி ஒரு சறுக்கல் இருந்துவிடுகிறது. பகலில் நண்பனோடு பாடம், இரவில் தொழிற்சாலை என்று பாடுபட்டு, டொபீகா நகரில் நடந்த தேர்வில் இரண்டாம் இடம் பெற்றான். அப்போதுதான் தெரிந்தது, கடற்படைக் கல்லூரியில் சேர 20 வயதுக்கு மேல் ஆகியிருக்கக் கூடாது என்று. அந்த முழங்கால் காயத்தால் இழந்த ஓர் ஆண்டு இங்கே குறுக்கே வந்து நின்றது! ஆனால் வெஸ்ட் பாயிண்ட் தரைப்படைக் கல்லூரியில் 22 வயது வரை சேரலாம். அங்கே இடம் கிடைத்தது.

இனித் தாயிடம் அல்லவா சொல்ல வேண்டும்? ஐடா அம்மாள் தடுக்கவில்லை, திட்டவில்லை. முடிவு உன்னுடையது என்று விட்டுவிட்டார். 1911 ஜூன் மாதம் மகன் பெட்டியோடு இரயில் நிலையத்துக்குப் புறப்பட்டான். வாசலில் நின்று வழியனுப்பிய தாய், உள்ளே போய் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதார். கடைசித் தம்பி மில்டன் அப்போது சிறுவன். தாய் அழுவதை அவன் கேட்டது அதுதான் முதல் முறை. ஐக்கிற்கு இது அப்போது தெரியாது. மில்டன் பிறகு சொல்லித்தான் தெரிந்தது.

இந்த இடத்தை எழுதும்போது என் கை சற்று நின்றது. சென்ற ஆண்டு பன்னிரண்டாம் வகுப்பு முடித்த என் அண்ணன் இராணுவத்துக்கு ஆள் எடுக்கும் முகாமுக்குப் போகிறேன் என்றான். எங்கள் அம்மாவும் தடுக்கவில்லை. அன்று மாலை செபமாலை சொல்லும்போது மட்டும் அம்மாவுக்கு நடுவில் எண்ணிக்கை தவறிப் போயிற்று.

வெஸ்ட் பாயிண்டில் ஐசனோவர் முதல் மாணவர் அல்லர். கால்பந்தாட்டத்தில் மறுபடியும் முழங்கால் கெட்டு, படையில் சேர்க்கலாமா என்றே மேலிடத்தில் ஐயம் எழுந்தது. 1915-இல் தேறிய 164 பேரில் அவர் 61-ஆவது இடம். அந்த வகுப்பில் 59 பேர் பின்னாளில் தளபதிகள் ஆனார்கள் என்பது தனிச் சிறப்பு. 1916-இல் மேமி டவுட் என்பவரை மணந்தார். முதல் உலகப் போரில் அவரை முனைக்கு அனுப்பாமல், உள்நாட்டில் மற்றவர்களுக்குப் பயிற்சி தரும் பணியிலேயே வைத்துவிட்டார்கள். 1921 தொடக்கத்தில் மூன்று வயது மூத்த மகன் ஐக்கி செங்காய்ச்சலால் இறந்தான். அந்தத் துயரம் அவரை விட்டு நீங்கவே இல்லை. பிறகு 16 ஆண்டுகள் மேஜர் பதவியிலேயே கழிந்தன. வேறு யாராக இருந்தாலும் வெறுத்துப் போயிருப்பார்கள்.

இரண்டாம் உலகப் போரில்தான் அவரது நேரம் வந்தது. 1942 மார்ச்சில் தந்தை இறந்தார். வாஷிங்டனில் வேலையை விட்டு இறுதிச் சடங்குக்குக் கூடப் போக முடியவில்லை. 1944-இல் ஐரோப்பாவில் நேச நாடுகளின் படைகளுக்கெல்லாம் அவரே தலைமை. ஜூன் 5-ஆம் நாள் மாலை, விமானத்திலிருந்து குதிக்கப் புறப்பட்ட வீரர்களிடம் நேரில் போனார். முகத்தில் கரி பூசி நின்றவர்களில் பலர் பள்ளியை விட்டு வந்து அதிக நாள் ஆகாத இளைஞர்கள். எந்த ஊர், என்ன வேலை என்று ஒவ்வொருவராக விசாரித்தார். அவர்களில் பலர் திரும்ப மாட்டார்கள் என்று அவருக்குச் சொல்லப்பட்டிருந்தது. படையெடுப்பு தோற்றால் பழி முழுவதும் தன்னுடையதே என்று ஒரு சிறு தாளில் எழுதித் தம்மிடம் வைத்திருந்தார். மறுநாள் நார்மண்டிக் கரையில் 1,50,000-க்கு மேற்பட்ட வீரர்கள் இறங்கினார்கள். தாள் தேவைப்படவில்லை.

போர் முடிந்தபின் ஐடா அம்மாளிடம், உங்கள் மகனை எண்ணிப் பெருமைப்படுகிறீர்களா என்று கேட்டார்களாம். எந்த மகனை என்று அவர் திருப்பிக் கேட்டதாகச் சொல்வார்கள். எட்கர் வழக்கறிஞர், மில்டன் பல்கலைக்கழகத் தலைவர். 1946-இல் அந்த அம்மையார் காலமானார்.

1953 முதல் 1961 வரை ஐசனோவர் குடியரசுத் தலைவராக இருந்தார். பதவியேற்ற ஆண்டிலேயே கொரியப் போர் நிறுத்தப்பட்டது. ஒரு குண்டுவீச்சு விமானத்தின் விலையில் முப்பதுக்கும் மேற்பட்ட ஊர்களில் பள்ளிக்கூடம் கட்டலாம் என்று அதே ஆண்டில் கணக்குக் காட்டினார். 1959 டிசம்பரில் நம் நாட்டுக்கு வந்தார். பதவியில் இருக்கும்போது இந்தியா வந்த முதல் அமெரிக்கத் தலைவர் அவரே. 1961 ஜனவரியில் விடைபெற்றபோது, படையும் ஆயுதத் தொழிலும் கைகோத்து நாட்டை ஆட்டிவைக்க விடாதீர்கள் என்று மக்களை எச்சரித்தார். வாழ்நாளெல்லாம் படையில் இருந்தவர் வாயிலிருந்து இது வந்ததே என்று பலர் வியந்தார்கள். ஐடா அம்மாள் உயிரோடு இருந்திருந்தால் வியந்திருக்க மாட்டார் என்பது என் எண்ணம்.

1969 மார்ச் 28-இல் அவர் மறைந்தார். சாதாரணப் படைவீரனுக்குக் கொடுக்கப்படும் 80 டாலர் சவப்பெட்டியில், இராணுவ உடையிலேயே அவரை அபிலீனுக்குக் கொண்டுவந்தார்கள். அவர் பக்கத்தில் சின்ன ஐக்கியின் கல்லறை இருக்கிறது. தாய் அழுத அந்த வீடும் அதே வளாகத்தில் இன்றும் நிற்கிறது.