கோகலேயின் வாழ்வு உணர்த்தும் பாடம்

பிழைப்பின் பொருட்டு நாம் வந்து குடியேறிய இப்புனே நகரம், கோபால கிருஷ்ண கோகலே வாழ்ந்து உழைத்த நகரமாகும். இரத்தினகிரி மாவட்டத்துச் சிற்றூராகிய கோத்லுக்கில் 1866-ஆம் ஆண்டு எளிய குடும்பத்திற் பிறந்த அவர், இங்குள்ள பெர்கூசன் கல்லூரியில் ஆசிரியராய் அமர்ந்தார்.

சுயாட்சி வேண்டுவோர் முதலில் பொதுப்பணியிற் பயிற்சி பெறல் வேண்டும் என்பது அவர் கொள்கை. ஆதலின் புனே நகரசபைத் தலைமையையும் ஏற்றுத் தொண்டாற்றினார்; 1905-இல் இந்திய ஊழியர் சங்கத்தை நிறுவினார். யாவரும் எழுத்தறிய வேண்டி 1911-இல் அவர் கொணர்ந்த கட்டாயக் கல்வி மசோதா, மறு ஆண்டில் தோல்வியுற்றது.

அதே ஊரினரான திலகரோ தீவிர வழியை விரும்பினார். 1907-இல் சூரத்தில் காங்கிரஸ் இரண்டாகப் பிளந்தது. அப்பிளவு அன்னிய அரசுக்கே ஆதாயமாயிற்று. மறு ஆண்டில் திலகர் சிறைப்பட்டார்.

1915 பிப்ரவரி 19-இல் கோகலே மறைந்தார். மாறுபாட்டை மறந்து மயானத்திற்கு வந்த திலகர், அவர் தொண்டை மனமாரப் போற்றினார். 1916-இல் லக்னோவில் இரு சாராரும் ஒன்றாயினர். அக்காட்சியைக் காணக் கோகலே இல்லை.

அவருக்குப்பின் ஊழியர் சங்கத்தின் தலைமையை ஏற்றவர், நம் வலங்கைமான் சீனிவாச சாஸ்திரியார். மொழி வேற்றுமை அங்கே தடையாகவில்லை.

நம் சங்கத்திலும் தேர்தல்தோறும் இரு கட்சிகள் தோன்றுகின்றன. மாறுபட்டோரை மறைந்தபின் போற்றுதலினும், இருக்கும்போதே உடன் அமர்ந்து பேசுதல் நன்றன்றோ!