ஓரியூருக்கு நடந்த துறவி

(இரண்டாம் ஆண்டு இளம் அறிவியல் வேதியியல் மாணவர், வேங்கிக்கால்)

பிறப்பும் இறப்பும் எல்லார்க்கும் பொது. ஆயினும் சிலருடைய இறுதி நாட்கள் மட்டும் அவர்கள் வாழ்ந்த வாழ்க்கைக்கே விளக்கவுரையாக அமைந்து விடுகின்றன. நற்செய்தி நூல்கள் நான்கையும் புரட்டிப் பார்ப்போர்க்கு ஓர் உண்மை விளங்கும். இயேசு பெருமானின் இளமைப் பருவத்தைச் சில வரிகளில் கடந்துவிடும் அந்நூல்கள், அவரது கடைசி ஒரு வாரத்தை மட்டும் நாள்தோறும், நாழிகைதோறும் நின்று சொல்லுகின்றன. எருசலேம் நகருக்குள் நுழைந்தது, சீடரோடு உண்டது, தோட்டத்தில் இரவில் வேண்டியது, காட்டிக் கொடுக்கப்பட்டது, சிலுவையில் உயிர் விட்டது ஆகிய அனைத்தும் அந்த ஒரு வாரத்துள் அடங்கும். கிறித்தவ நெறியின் உயிர்நாடியே அந்நாட்களில்தான் துடிக்கிறது.

அந்த இறுதி நாட்களை ஏட்டில் படித்ததோடு நில்லாமல், தம் உடலாலும் உயிராலும் படித்துக் காட்டிய பெரியார் ஒருவர் நம் தமிழ் மண்ணில் வாழ்ந்தார். அவர்தாம் அருளானந்தர் என்று தமிழ் மக்கள் அன்போடு அழைத்த ஜான் டி பிரிட்டோ. அவருடைய வாழ்க்கையை மாணவ நண்பர்களோடு பகிர்ந்து கொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

அரண்மனைச் சிறுவன்

போர்த்துகல் நாட்டின் தலைநகராகிய லிஸ்பனில் 1647ஆம் ஆண்டு மார்ச் 1ஆம் நாள் பிறந்தார் அவர். செல்வக் குடும்பம். தந்தையார் பிரேசில் நாட்டில் ஆளுநராகப் பணியாற்றி, மைந்தன் மழலை மாறும் முன்னரே அங்கு உயிர் நீத்தார். சிறுவன் அரண்மனையில் இளவரசர் பேதுருவின் தோழனாக வளர்ந்தான். பட்டாடையும் பணியாளரும் சூழ்ந்த வாழ்வு!

அச்சிறுவனுக்குக் கடுமையான நோய் கண்டது. பிள்ளை பிழைத்தால் ஓராண்டு காலம் துறவாடை உடுத்தச் செய்வதாகத் தாய், புனித பிரான்சிஸ் சவேரியாரிடம் நேர்ந்து கொண்டார். பிள்ளை பிழைத்தது. நேர்ச்சையும் நிறைவேறியது. ஆனால் ஓராண்டுக்கென்று உடுத்திய ஆடை அவன் உள்ளத்தைவிட்டு அகலவில்லை. 1662ஆம் ஆண்டு டிசம்பரில், பதினைந்து வயதில், இயேசு சபையில் சேர்ந்துவிட்டான். 1673இல் குருப்பட்டம் பெற்றதும் இந்தியாவுக்குக் கப்பலேற முனைந்தபோது, நேர்ந்து கொண்ட அதே தாய் தடுத்துப் பார்த்தார். முடியவில்லை. அவ்வாண்டே கோவா வந்து சேர்ந்தார். அடுத்த ஆண்டு தமிழகத்தில் அடியெடுத்து வைத்தார்.

காவி உடுத்த துறவி

அவருக்கு முன்னரே 1606இல் மதுரைக்கு வந்த தத்துவ போதகர் இராபர்ட் தெ நொபிலி, தமிழ்த் துறவியர் கோலத்தில் வாழ்ந்து வழி காட்டியிருந்தார். அவ்வழியில் எளிய மக்களிடையே சென்று பணியாற்றியவர்களைப் பண்டாரசாமிகள் என்பர். பிரிட்டோவும் பண்டாரசாமி ஆனார். காவி உடுத்தார். புலால் நீக்கினார். வெறுந்தரையில் உறங்கினார். தமிழ் கற்றார். யோவான் என்ற அவர் பெயர் இறைவனின் அருளைக் குறிப்பது. அதுவே தமிழில் அருளானந்தர் என மலர்ந்தது.

கிரிவலப் பாதையில் காவியுடைத் துறவியரை நாள்தோறும் கண்டு பழகிய நமக்கு அவர் தோற்றத்தை மனக்கண்ணில் காண்பது அரிதன்று. அவர் தொடக்க காலத்தில் உழைத்த இடங்களுள் ஒன்று செஞ்சிச் சீமை. இங்கிருந்து திண்டிவனம் செல்லும் பேருந்தில் ஏறினால் வழியில் வரும் அதே செஞ்சிதான். 1677இல் சிவாஜியின் படை செஞ்சிக் கோட்டையைக் கைப்பற்றியது. போரும் பஞ்சமும் வெள்ளமும் மாறி மாறி வந்த அந்நாளில் செஞ்சி, தஞ்சைப் பகுதிகளில் கால்நடையாகவே ஊர் ஊராகச் சென்றார் அவர். 1685இல் மதுரை மறைத்தளத்தின் தலைவரானார்.

முதற் சிறை

1686ஆம் ஆண்டு மறவர் சீமைக்குள் நுழைந்தார். பிற சமயப் போதகர்க்கு அங்கு ஆபத்து மிகுதி என்பதை அறிந்தே நுழைந்தார். சில திங்களிலேயே சிறைப்பட்டார். அவரோடு உபதேசியார்களும் பிடிபட்டனர். காளையார்கோவிலில் அவர்களைக் கட்டிவைத்து அடித்தனர். கயிற்றில் கட்டிக் குளத்து நீரில் அமிழ்த்தி எடுத்தனர். கொலைத் தண்டனையும் விதிக்கப்பட்டது. ஆனால் இராமநாதபுரத்தில் ஆண்ட கிழவன் சேதுபதி அவரை அழைத்து விசாரித்து, இனி இந்நாட்டில் போதிக்கலாகாது என்று கட்டளையிட்டு விடுதலை செய்தார்.

அன்று அடிபட்ட உபதேசியார்கள் தமிழர்கள். நம்மைப் போன்ற எளிய குடும்பத்துப் பிள்ளைகள். அருளானந்தர் பெயரை அறிந்த பலர் அவர்கள் பெயரை அறியார். பெரியோர் வரலாற்றைப் படிக்கும்போது, உடன் துன்புற்ற சிறியோரையும் நினைப்பது நம் கடமை.

திரும்பி வந்தவர்

விடுதலை பெற்றவரை மறைத்தளத்தின் நிலையை எடுத்துரைப்பதற்காக ஐரோப்பாவுக்கு அனுப்பினர். 1687இல் லிஸ்பன் சேர்ந்தார். இளமைத் தோழர் பேதுரு இப்போது போர்த்துகல் மன்னர்! நண்பரைக் கட்டித் தழுவி வரவேற்ற மன்னர், தம் மகனுக்கு ஆசானாக அரண்மனையிலேயே தங்கிவிடுமாறு வேண்டினார். தங்கியிருந்தால் யாரும் குறை கூறியிருக்க மாட்டார்கள். பன்னீராண்டுக்கு மேல் உழைத்தாயிற்று, அடியும் பட்டாயிற்று. இனி ஓய்வு தகும் என்றே உலகம் சொல்லியிருக்கும்.

அவரோ அரண்மனை உணவை ஒதுக்கி, தமிழ்நாட்டில் உண்டது போன்ற எளிய உணவையே அங்கும் உண்டார். தரையிலேயே படுத்தார். உடல் லிஸ்பனில் இருந்தது. உள்ளம் மறவர் சீமையில் இருந்தது. 1690இல் மீண்டும் கப்பலேறினார். அவ்வாண்டு நவம்பரில் கோவாவில் இறங்கினார். போதிக்கலாகாது என்று தடுத்த அதே மண்ணுக்குத் திரும்பினார்.

அருளானந்தர் வாழ்வில் நான் மிகவும் வியப்பது இந்தக் கட்டத்தைத்தான். முதன்முறை ஆபத்துக்குள் செல்பவன் அதன் வலியை முழுதும் அறியான்; இளமையின் துடிப்பே அவனை இழுத்துச் சென்றுவிடலாம். சாட்டையின் வலியையும் குளத்து நீரில் மூச்சு முட்டியதையும் உடல் அறிந்த பின்னர், இரண்டாம் முறை செல்வதற்குத்தான் உறுதி வேண்டும். இயேசு பெருமானும் எருசலேமில் தமக்கு நேரப் போவதைச் சீடரிடம் முன்கூட்டியே உரைத்துவிட்டே அந்நகர் நோக்கி நடந்தார். கலிலேயாவில் ஏரிக்கரையிலேயே அவர் தங்கியிருக்கலாம். யாரும் அவரைக் கட்டாயப்படுத்தவில்லை.

இருபத்தெட்டு நாட்கள்

சேதுபதியின் மரபைச் சேர்ந்தவர் தடியத்தேவர். அரசுரிமையில் அவருக்கும் பங்குண்டு என்று கருதப்பட்டது. நோயுற்றிருந்த அவர், உபதேசியார் ஒருவர் செய்த வேண்டுதலால் தாம் நலம் பெற்றதாக நம்பிக் கிறித்தவ நெறியைத் தழுவ விரும்பினார். அவருக்கு மனைவியர் பலர். ஒருத்தியோடு மட்டுமே வாழ வேண்டும் என்றார் அருளானந்தர். தேவர் இசைந்தார். 1693ஆம் ஆண்டு ஜனவரி 6ஆம் நாள் திருமுழுக்குப் பெற்றார்.

விலக்கப்பட்ட மனைவியருள் ஒருத்தி சேதுபதியின் உறவுப்பெண். அவள் அழுதுகொண்டு அரண்மனை சென்று முறையிட்டாள். நூல்கள் பலவும் அவளை ஏரோதின் மனைவிக்கு ஒப்பிட்டுப் பழிக்கின்றன. எனக்கு அது முழு நீதியாகத் தோன்றவில்லை. தான் செய்யாத குற்றத்துக்காக ஒரே நாளில் மனைவி என்ற நிலையை இழந்தவள் அவள். அவள் கண்ணீரும் உண்மைக் கண்ணீரே. ஆனால் அக்கண்ணீரை அரண்மனை அரசியல் தனக்குப் பயன்படுத்திக் கொண்டது. அரசுரிமை உடைய ஒருவர் புதிய சமயத்தில் சேர, அவர் பின்னே மக்கள் திரளக் கூடும் என்ற அச்சமும் மன்னருக்கு இருந்தது.

ஜனவரி 8ஆம் நாள் அருளானந்தர் சிறைப்பட்டு, இராமநாதபுரம் கொண்டு செல்லப்பட்டார். அங்கே வெளிப்படையாகக் கொலை செய்தால் தடியத்தேவர் சீற்றங்கொள்வார்; கலகம் மூளலாம். ஆகவே மன்னர் அவரை நாடு கடத்துவதாக வெளியில் அறிவித்து, ஓரியூரில் இருந்த தம் தம்பியிடம் அனுப்பினார். தலையை வெட்டிவிட வேண்டும் என்ற ஆணையும் மறைவாக உடன் சென்றது. ஜனவரி 28ஆம் நாள் புறப்பட்ட அந்தப் பயணம் 31ஆம் நாள் பாம்பாற்றங்கரையில் உள்ள ஓரியூரில் முடிந்தது.

சிறையில் அவருக்கு எழுதுகோலும் இல்லை, மையும் இல்லை. கரியை நீரில் கரைத்து மையாக்கிக் கொண்டு, பிப்ரவரி 3ஆம் நாள் தம் சபையாருக்கு மடல் எழுதினார். அம்மடலில் புலம்பல் இல்லை. பகைவர் மேல் பழிச்சொல் இல்லை. இறப்பை எதிர்நோக்கும் மகிழ்ச்சியும், தாம் போதித்த நெறி குற்றமெனப்பட்டால் அக்குற்றத்தை ஏற்கும் பெருமிதமுமே இருந்தன.

மறுநாள், 1693ஆம் ஆண்டு பிப்ரவரி 4. அன்று சாம்பல் புதன்கிழமை. இயேசுவின் பாடுகளை நினைந்து கிறித்தவர் நோன்பு தொடங்கும் முதல் நாள். ஆற்றங்கரைக்கு அழைத்துச் சென்றனர். முழந்தாளிட்டு வேண்டினார், பின்பு கொலைஞர் முன் அமைதியாக நின்றார். தலை துண்டிக்கப்பட்டது, கைகளும் கால்களும் வெட்டப்பட்டன, உடல் மரக்கம்பத்தில் தொங்கவிடப்பட்டது. நாற்பத்தாறு வயது நிறைய இன்னும் ஒரு திங்கள்கூட இல்லை.

செய்தி லிஸ்பனை எட்டியபோது, அன்று தடுத்துப் பார்த்த தாய் துக்க ஆடை அணியாமல் விழாக்கோல ஆடையுடன் அரண்மனைக்குச் சென்றார் என்று எழுதுவர். அவையில் அவர் கண்ணீரைக் காட்டவில்லை. தனியறையில் எவ்வளவு அழுதாரோ, அதை எழுத ஏடில்லை. சிலுவையின் அடியில் நின்ற அன்னை மரியாளின் துயரை அத்தாய் நன்கு உணர்ந்திருப்பார்.

இரு இறுதி நாட்கள்

இவ்விரு வரலாறுகளையும் அருகருகே வைத்துப் பார்த்தால் நம்பிக்கை என்பதற்குச் சில விளக்கங்கள் கிடைக்கின்றன.

முதலாவது, நம்பிக்கை என்பது அச்சமின்மை அன்று. கெத்செமனித் தோட்டத்தில் இயேசு பெருமான் கலங்கினார். அத்துன்பக் கிண்ணம் தம்மைவிட்டு நீங்கக் கூடுமானால் நீங்கட்டும் என்று வேண்டினார். பின்னரே தந்தையின் விருப்பத்துக்குத் தம்மை ஒப்படைத்தார். அந்தக் கலக்கத்தை நற்செய்தியாளர் மறைக்கவில்லை. ஆகவே தேர்வறையிலும் நோய்ப் படுக்கையிலும் நடுங்கும் எளிய அடியவன், தனக்கு நம்பிக்கை குறைந்துவிட்டதே என்று வருந்த வேண்டியதில்லை. நடுங்கியபடியே அடுத்த அடியை எடுத்து வைத்தால் போதும்.

இரண்டாவது, அதிகாரம் தன் கையில் கறைபடாமல் கொலை செய்யப் பார்க்கும். பிலாத்து நீரில் கை கழுவினான். சேதுபதி வேறோர் ஊருக்கு அனுப்பினார். கிழவன் சேதுபதி இராமநாதபுரத்தின் ஆற்றல் மிக்க மன்னர்களுள் ஒருவர். கொடியவர் என்று ஒரே சொல்லில் ஒதுக்கத் தக்கவர் அல்லர். முதன்முறை இவரைக் காப்பாற்றியவரும் அவரே. நல்லவனும் அச்சத்தால் அநீதிக்கு உடன்படுவான் என்பதே இங்குக் கற்க வேண்டிய பாடம்.

மூன்றாவது, மன்னிப்பு. சிலுவையில் அறைந்தோருக்காக வேண்டினார் இயேசு. கரிமையால் எழுதிய அந்த மடலில் பகைமைக்கு ஓர் எழுத்தும் இடமில்லை. கொல்ல வந்தவனை வெறுக்காமல் இறப்பது, இறப்பதைவிடக் கடினம்.

நமக்கு எஞ்சியிருப்பது

1853இல் திருச்சபை அவரை முத்திப்பேறு பெற்றவராக அறிவித்தது. 1947ஆம் ஆண்டு ஜூன் 22ஆம் நாள், நாடு விடுதலை பெறுவதற்குச் சில வாரங்களே இருந்தபோது, திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் அவரைப் புனிதர் என உயர்த்தினார். மதுரையை அடுத்த கருமாத்தூரில் 1970இல் தொடங்கிய அருளானந்தர் கல்லூரி அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. ஓரியூருக்கு இன்றும் பல சமயத்து மக்களும் சென்று, அங்குள்ள செம்மண்ணை எடுத்து நெற்றியில் இட்டுக் கொள்கின்றனர். அவர் குருதி பட்டே அம்மண் சிவந்தது என்பது அவர்களின் நம்பிக்கை. செம்மண்ணின் சிவப்பு இரும்பு ஆக்சைடால் வருவது என்று நாங்கள் வகுப்பில் படிக்கிறோம். படித்தது மெய்யே. ஆனால் ஏன் அந்த ஓர் இடத்து மண்ணை மட்டும் மூன்று நூற்றாண்டுகளாக மக்கள் கையில் ஏந்துகின்றனர் என்பதற்கு எங்கள் ஆய்வுக்கூடத்தில் விடையில்லை.

மாணவ நண்பர்களே! நம்மில் பலர் நம் குடும்பத்திலேயே கல்லூரிப் படி ஏறிய முதல் தலைமுறையினர். என் வீட்டில் பட்டம் என்ற சொல் நான் பறக்கவிட்ட காகிதப் பட்டத்தையே இதுவரை குறித்து வந்தது. படித்து முடித்தால் இந்த மண்ணைவிட்டுப் போய்விடலாம் என்பதே நமக்குச் சொல்லப்பட்ட நல்வாக்கு. வறுமையிலிருந்து வெளியேற விரும்புவது தவறன்று. நம் பெற்றோர் உழைப்பதும் அதற்காகவே. ஆயினும் அரண்மனை வாயில் திறந்திருந்தும், தனக்குரிய இடம் ஓலைக் குடிசைகளின் நடுவே என்று திரும்பி வந்த ஒருவரின் வரலாறு நம்மிடம் ஒரு கேள்வியைக் கேட்கிறது. நாம் பெறப்போகும் கல்வி யாரை நோக்கித் திரும்பப் போகிறது? எச்சமயத்தவராயினும், எந்தத் துறையில் பயின்றாலும், இக்கேள்விக்கு நாம் விடை தேட வேண்டும்.

ஓரியூரில் முடிந்த அந்தப் பயணம் உண்மையில் லிஸ்பன் துறைமுகத்தில் 1690இல் தொடங்கியது. கப்பலேறிய அன்றே அவர் தம் உயிரைக் கொடுத்துவிட்டார். பிப்ரவரி 4ஆம் நாள் வாள் பெற்றுக் கொண்டது உடலை மட்டுமே.

வாழ்க அருளானந்தர் புகழ்!