திண்டிவனத்தில் மூன்று முறை தட்டப்பட்ட கதவு

சென்னைக்கும் விழுப்புரத்துக்கும் இடையே பயணம் செய்யும் நாம் திண்டிவனத்தை எத்தனையோ முறை கடந்திருக்கிறோம். வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையின் பெயரும் நம் எல்லோருக்கும் தெரியும். ஆனால் அந்த மருத்துவமனைக்கு விதை விழுந்த ஊர் திண்டிவனம் என்பதை நம்மில் பலர் அறியமாட்டோம். ஒரே இரவில் நிகழ்ந்த மூன்று மரணங்களே அந்த விதை. அதை வளர்த்தவர் ஐடா சோஃபியா ஸ்கடர் என்ற அமெரிக்கப் பெண்மணி.

ஐடா 1870 டிசம்பர் 9 அன்று இராணிப்பேட்டையில் பிறந்தார். அவருடைய தாத்தா டாக்டர் ஜான் ஸ்கடர் 1819-ல் அமெரிக்காவிலிருந்து கப்பலேறி யாழ்ப்பாணம் வந்தவர். 1836-ல் சென்னைக்கு வந்தார். அவருடைய மகன்கள் எழுவரும் இந்தியாவில் மறைப்பணியாளர் ஆனார்கள். அவர்களுள் ஒருவரே ஐடாவின் தந்தை. அவர் பெயரும் ஜான், அவரும் மருத்துவரே. ஸ்கடர் வீட்டில் ஒரு குழந்தை பிறந்தால், இதுவும் இந்தியாவில் பணி செய்யும் என்றுதான் எல்லோரும் எதிர்பார்த்தார்கள்.

ஐடாவுக்கு அந்த எதிர்பார்ப்பே பாரமாக இருந்தது. தாது வருடப் பஞ்சத்தின்போது அவர் சிறு குழந்தை. எலும்பும் தோலுமாய் வந்த பிள்ளைகளுக்கு ரொட்டியைத் துண்டு துண்டாக்கி வாயில் ஊட்டியிருக்கிறார். அந்தக் காட்சி அவரை இந்தியாவின்பால் ஈர்க்கவில்லை, அச்சத்தையே தந்தது. பின்னர் குடும்பம் அமெரிக்கா திரும்பி நெப்ராஸ்கா மாநிலத்தில் ஒரு பண்ணையில் வாழ்ந்தது. பெற்றோர் மீண்டும் இந்தியாவுக்கு வந்தபோது, மகளை அங்கேயே விட்டுவிட்டு வந்தார்கள். மாசசூசெட்ஸ் மாநிலத்தின் நார்த்ஃபீல்டு பள்ளியில் படித்த ஐடா, மற்ற அமெரிக்கப் பெண்களைப் போலத் திருமணம் செய்து வசதியாக வாழவே விரும்பினார்.

தாயார் நோயுற்றதால் 1890-ல் அவர் திண்டிவனம் வந்தார். தாய் குணமடைந்ததும் திரும்பிவிடுவது என்பதே அவரது திட்டம்.

அந்த நாட்களில் ஓர் இரவு. வீட்டுக் கதவு தட்டப்பட்டது. வந்தவர் ஒரு பிராமண இளைஞர். பிள்ளைப்பேற்றில் தவிக்கும் தம் இளம் மனைவியைக் காப்பாற்ற ஐடா வரவேண்டும் என்று வேண்டினார். தனக்கு மருத்துவம் தெரியாது, தன் தந்தைதான் மருத்துவர் என்று ஐடா விளக்கினார். வேற்று ஆண் தம் மனைவியைப் பார்க்கக்கூடாது என்று சொல்லி அவர் போய்விட்டார். சற்று நேரத்தில் ஓர் இஸ்லாமியர் வந்தார். அதே வேதனை, அதே வேண்டுகோள், அதே மறுப்பு. மூன்றாவதாக வந்தவர் முதலியார் சமூகத்தைச் சேர்ந்தவர். அவரும் தனியாகவே திரும்பினார். தந்தையுடன் தானும் வருவதாக ஐடா சொல்லிப் பார்த்தும் பயனில்லை. பொழுது விடிந்தபோது பறையொலி கேட்டது. மூன்று பெண்களும் இறந்திருந்தார்கள்.

அந்தக் கணவர்களைக் கல்நெஞ்சர்கள் என்று சொல்லிவிட முடியாது. மனைவி பிழைக்க வேண்டுமென்றுதான் இருட்டில் அந்நியர் வீட்டுக் கதவைத் தட்டினார்கள். ஆனால் நாலு பேர் என்ன சொல்வார்களோ என்ற அச்சம் அவர்களுடைய அன்பைவிட வலிமையாக இருந்தது. பகலில் ஒரே பந்தியில் அமராத மூன்று சமூகத்தினர் அவர்கள். அன்றிரவு ஒரே காரணத்தால் ஒரே இழப்புக்கு ஆளானார்கள். வீட்டுக்குள் பூட்டப்பட்ட பெண்ணுக்குச் சாதி உயர்வும் உதவவில்லை, சமய வேறுபாடும் உதவவில்லை.

அந்த இரவுக்குப் பின் ஐடா தம் வாழ்வின் திசையை மாற்றினார். மருத்துவம் படிக்கப்போவதாகப் பெற்றோரிடம் தெரிவித்து அமெரிக்கா திரும்பினார். முதலில் பென்சில்வேனியா பெண்கள் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். இந்தியாவிலிருந்து சென்ற ஆனந்திபாய் ஜோஷி 1886-ல் மருத்துவப் பட்டம் பெற்றதும் அங்கேதான். பின்னர் கார்னெல் மருத்துவக் கல்லூரி பெண்களுக்குக் கதவைத் திறந்தபோது அங்கு மாறி, 1899-ல் மருத்துவரானார்.

1900-ன் தொடக்கத்தில் வேலூர் வந்த ஐடாவை நோயாளிகள் தேடி வரவில்லை. இளம் பெண்ணால் வைத்தியம் செய்ய முடியுமா என்ற ஐயம். அதே ஆண்டில் தந்தையும் இறந்துவிட, தனித்து நின்றார். சிறு அறையில் தொடங்கிய சிகிச்சை மெல்ல மெல்ல மக்களின் நம்பிக்கையைப் பெற்றது. நியூயார்க் வங்கியாளர் ஒருவர் தம் மனைவியின் நினைவாகக் கொடுத்த 10,000 டாலரைக் கொண்டு, 1902-ல் 40 படுக்கைகளுடன் மேரி டேபர் ஷெல் மருத்துவமனை திறக்கப்பட்டது. நகரத்துக்கு வர இயலாத கிராமத்தாருக்காகச் சாலையோர மரத்தடியிலேயே மருந்து கொடுத்தார்.

ஆனால் ஒரு மருத்துவர் எத்தனை கதவுகளுக்குப் போக முடியும்? அவர் செய்த உண்மையான புரட்சி இந்தக் கேள்வியிலிருந்தே பிறந்தது. 1909-ல் செவிலியர் பயிற்சியைத் தொடங்கினார். 1918-ல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியைத் திறந்தார். பெண்கள் விண்ணப்பிக்கமாட்டார்கள் என்று அதிகாரிகள் ஐயப்பட்டனர். வந்தவையோ 151 விண்ணப்பங்கள்! முதல் வகுப்பில் 14 பேர் படிப்பை முடித்து மருத்துவரானார்கள். திண்டிவனத்தில் மூடிக் கிடந்த கதவுகளின் உள்ளே இனி நம் நாட்டுப் பெண்களே மருத்துவராக நுழைய முடியும் என்ற நிலை உருவானது.

முதுமையிலும் சோதனை வந்தது. 1938-ல் மருத்துவக் கல்விக்கான சட்டம் மாறி, பல்கலைக்கழகப் பட்டம் கட்டாயமாயிற்று. கல்லூரியைக் காப்பாற்ற அவர் மீண்டும் அமெரிக்கா சென்று நிதி திரட்டினார். 1942-ல் பல்கலைக்கழக இணைப்பு கிடைத்தது. பெண்களுக்கென்றே உதவிய பழைய நண்பர்கள் சிலர் வருந்தியபோதும், 1947-ல் ஆண்களும் மாணவராகச் சேர்க்கப்பட்டனர். பொறுப்பு இந்தியரான டாக்டர் ஹில்டா லாசரஸ் அவர்களின் கைக்கு மாறியது. தான் கட்டியதைப் பிறர் கையில் ஒப்படைக்கத் தெரிந்தவர் ஐடா. 1960 மே மாதம் கொடைக்கானலில் தமது 89-ஆம் வயதில் இறந்தார்.

அமெரிக்காவில் அவரைப் பற்றிப் பல நூல்கள் வந்தன. டோரத்தி கிளார்க் வில்சன் 1959-ல் எழுதிய வாழ்க்கை வரலாறு பெரும் வாசகரைப் பெற்றது. ஆனால் இத்தகைய கதைகளைப் படிக்கும்போது ஓர் எச்சரிக்கை தேவை. வெள்ளைக்காரர் காப்பாற்றுபவர், இந்தியர் காப்பாற்றப்படுபவர் என்ற எண்ணம் எளிதில் மனதில் ஒட்டிக்கொள்ளும். ஐடா வேலூரில் உழைத்துக்கொண்டிருந்த அதே காலத்தில், இந்தியர் வெள்ளையர் அல்லர், ஆகவே குடியுரிமைக்குத் தகுதியில்லை என்று 1923-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்தத் தடை 1946-ல்தான் நீங்கியது. மனிதரைப் பிறப்பால் பிரித்துக் கதவடைக்கும் நோய் இரு நாடுகளிலும் இருந்தது. இன்னொன்றும் உண்டு. அந்த இரவின் கதையில் கணவர்களின் சமூகம் சொல்லப்படுகிறது. இறந்த பெண்களின் பெயர்கள் சொல்லப்படுவதில்லை.

நம் திருச்சபையும் இதில் தாமதித்ததை நினைவில் கொள்வோம். துறவற சகோதரிகள் பிரசவம் பார்ப்பதற்கும் மருத்துவத் தொழில் செய்வதற்கும் நீண்ட காலம் தடை இருந்தது. ஆஸ்திரிய மருத்துவரான அன்னை அன்னா டெங்கல் போன்றோர் விடாது முயன்றதன் பயனாக 1936-ல் உரோமை அந்தத் தடையை நீக்கியது. இன்று நம் சகோதரிகள் நடத்தும் மருத்துவமனைகளில் எத்தனை தாய்மார்கள் நலமாகப் பிள்ளை பெறுகிறார்கள்!

அன்பார்ந்தவர்களே, நாலு பேர் என்ன சொல்வார்கள் என்ற அச்சம் திண்டிவனத்தை விட்டுப் போய்விட்டதா? மகளின் மேற்படிப்பை நிறுத்தும்போது, வேறு சாதியில் மணம் முடித்த பிள்ளைக்கு வாசலை அடைக்கும்போது, ஒரே நற்கருணையைப் பகிர்ந்தபின் கல்லறையில் தனித்தனியே பிரியும்போது, அந்த இரவில் திரும்பிச் சென்ற கணவர்களின் வழியில்தான் நாமும் நடக்கிறோம். ஐடாவிடமும் அவரது குடும்பம் ஒன்றை எதிர்பார்த்தது, அவரது நாடு வேறொன்றை எதிர்பார்த்தது. கதவைத் தட்டியவரின் தேவை எதுவோ, அதற்கே அவர் செவிகொடுத்தார்.

நம் வீட்டுக் கதவை இன்று தட்டிக்கொண்டிருப்பவர் யார்? சிந்திப்போம். எழுந்து திறப்போம்.